ஒரு வாய் பிரௌனி... ஒரு ஸ்பூன் சர்க்கரை!

புதுப் பண்டம் என்றால் வியாசர்பாடிக்குத் தயக்கமே கிடையாது. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவை, 'இது நம்ம ஏரியா அயிட்டம்' என்று சொல்லுமளவுக்குச் சொந்தமாக்கிக்கொண்ட பேட்டையாயிற்றே! அந்த வரிசையில் இப்போது பிள்ளைகள் கேட்பது பிரௌனி. அதுவும், மேலே வெள்ளை வெளேரென்று க்ரீம் சீஸ் சுழி போட்டது!

கேட்டால் செய்து கொடுக்க வேண்டியதுதான். ஆனால், அதே தட்டில் அப்பாவும் தாத்தாவும் கை வைப்பார்களே... அங்கேதான் இருக்கிறது விஷயம். சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதனால் துண்டின் அளவிலேயே கட்டுப்பாட்டை வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

தேவையானவை (25 துண்டுகளுக்கு)

மைதா 60 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், சர்க்கரை 120 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசென்ஸ் சில துளிகள்.

சுழிக்கு: தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 150 கிராம், சர்க்கரை 25 கிராம், சோள மாவு 1 டீஸ்பூன்.

'க்ரீம் சீஸுக்கு நான் எங்கே போவேன்?' என்று கவலைப்படாதீர்கள். டப்பா க்ரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். அரை லிட்டர் பாலை உறைய வைத்து, தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம்ம ஊர் வெயிலுக்குப் புளித்துப் போகும். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

உருக்கிய வெண்ணெயில் சர்க்கரை, கோகோ, உப்பு சேர்த்துக் கலக்குங்கள். சூடு ஆறியதும் முட்டை, எசென்ஸ் சேர்த்து அடியுங்கள். பேக்கிங் பவுடரோடு சலித்த மைதாவைப் போட்டு, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். அதிகம் கிளறினால் ரப்பராகிவிடும்.

7 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, தயிர்க் கலவையை அங்கங்கே ஸ்பூனால் வையுங்கள். கத்தி முனையால் மூன்று, நான்கு இழுப்பு... போதும்! 170 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். பல்குச்சியில் ஈரப் பொடி ஒட்டலாம். பச்சை மாவு ஒட்டக்கூடாது. உள்ளே முட்டை இருக்கிறதே!

அவன் இல்லையா? அடிகனமான பாத்திரத்தில் ஸ்டாண்ட் வைத்து, மூடிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் 35 நிமிடம் கழித்துப் பாருங்கள்.

நன்றாக ஆறிய பிறகே ஐந்துக்கு ஐந்தாக வெட்டுங்கள். தயிர் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கணக்கு இதுதான்

இப்படி வெட்டினால் துண்டுக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. இதே தட்டை ஒன்பதாக வெட்டினால் துண்டுக்கு 16 கிராம்! ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இரண்டு குட்டித் துண்டு 12 கிராம். ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி இரண்டு வேளை என்றால் 10 கிராம். கணக்கு அங்கேயே முடிந்தது!

'நாட்டுச் சர்க்கரை போட்டா சுகருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும்! ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு துண்டோடு, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து, டாக்டர் சொன்ன கணக்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

'சின்னதுதானே' என்று ஆறு துண்டு உள்ளே போனால் 36 கிராம். அதனால் ஆளுக்கு இரண்டு தட்டில் வைத்துவிட்டு, டப்பாவை மூடி ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். பிறகுதான் எல்லோரையும் கூப்பிடவேண்டும்!