புளியங்கொட்டையைக் கொட்டாதீங்க... புளிமூட்டை தைக்கலாம்!



மாசி, பங்குனி பிறந்தால் நம் ஊர் வீடுகளில் ஒரு வேலை கட்டாயம் உண்டு. வருஷத்துக்கு வேண்டிய கொட்டைப் புளியை மொத்தமாக வாங்கி, வெயிலில் போட்டு, அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து கொட்டை எடுப்பது. புளி உப்போடு சேர்ந்து பானைக்குள் போய்விடும். கொட்டை? அந்தக் காலத்தில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடினார்கள். பல்லாங்குழிக்கும் போட்டார்கள். இப்போது முறத்தோடு குப்பை வண்டியில் கொட்டிவிடுகிறோம்.

அந்தக் கொட்டையை வைத்துத் தைக்கும் ஒரு விளையாட்டுப் பையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். சின்னச் சதுரப் பை, உள்ளே கொட்டை, எதிரே ஒரு குறி. தூரத்தில் நின்று வீச வேண்டியது, அவ்வளவுதான். வெளிநாட்டில் அவரை விதை போட்டுத் தைப்பதால் 'பீன் பேக்' என்று பெயர். எங்கள் வீட்டு வாண்டுகள் வைத்த பெயர் 'புளிமூட்டை'. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தையல் மிஷின் வேண்டாம். பட்டன், கொக்கி தவிர வேறு எதுவும் தைத்ததில்லை என்கிற பெண்களும் தைரியமாக ஆரம்பிக்கலாம். அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனால்கூட யாரும் கேட்கப் போவதில்லை, பிளவுஸா என்ன!

முதலில் துணி. நம் உறையூர் பழங்காலத்தில் மெல்லிய துணிக்குப் பெயர் போன ஊர். ஆனால் இந்தப் பைக்கு மெல்லிய துணி உதவவே உதவாது. நைந்த பருத்திச் சேலை, வாயில் எல்லாம் நாலு வீச்சில் கிழிந்துவிடும். பழைய ஜீன்ஸ் பேண்ட், பள்ளிக்கூட யூனிஃபார்ம் பேண்ட், திரைச்சீலைத் துணி, ஜமுக்காளத் துண்டு இதெல்லாம் நன்றாக உழைக்கும். லேடீஸ் டெய்லரிடம் கேட்டால் வெட்டுத் துண்டு ஒரு பை நிறைய சும்மாவே கொடுப்பார். அதில் கெட்டியானதாகப் பார்த்துப் பொறுக்குங்கள். நைலக்ஸ், சில்க் மாதிரி வழுக்குகிற துணி வேண்டாம். பிடித்து வீசக் கைக்குப் பிடிமானம் வேண்டும் அல்லவா?

ஒரு அட்டையில் 5 அங்குலச் சதுரம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணிமேல் வைத்து சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு பைக்கு இரண்டு துண்டு வீதம் வெட்டுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போய், 4 அங்குலப் பை நிற்கும். குழந்தைகள் கைக்கு அதுதான் சரி. நல்ல பக்கம் இரண்டும் உள்ளே வரும்படி வைத்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்துங்கள்.

நூலை இரட்டையாகக் கோத்து, மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். சிக்கு விழாது. வெறும் ஓட்டுத் தையல் போட்டால் கொட்டையின் கனத்துக்கு இடைவெளி விட்டுவிடும். அதனால் கெட்டித் தையல் போட வேண்டும். ஒரு தையல் முன்னே எடுத்து, பின்னால் வந்து போன தையல் முடிந்த இடத்திலேயே ஊசியைக் குத்தி, மறுபடி முன்னே எடுப்பது. பார்த்தால் மிஷின் தையல் மாதிரியே இருக்கும். மூன்று பக்கம் முழுசாகவும், நாலாவது பக்கத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவு வாய் விட்டும் தைத்து முடியுங்கள். மூலைகளில் மட்டும் இரண்டாவது வரிசை போட்டால் நல்லது, பை முதலில் பிரிவது அங்கேதான்.

பிறகு மூலைத் துணியைத் தையலில் படாமல் குறுக்காக வெட்டிவிட்டு, பையைத் திருப்புங்கள். மூலை கூராக வர ஸ்பூன் காம்பால் மெதுவாகக் குத்தினால் போதும். கத்தரிக்கோலால் குத்தாதீர்கள்.

இப்போது கொட்டை. இதில்தான் கவனம் வேண்டும். புளிப் பசை போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். அப்படியும் வண்டு விழும், புளியங்கொட்டைக்கென்றே வண்டு உண்டு. அதனால் இரும்பு வாணலியில் லேசாகச் சூடு ஏற வறுத்து, தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகு அள்ளுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும்.

ஒரு பைக்குக் காபி டம்ளரால் ஒரு டம்ளர், நிறுத்தால் 100 முதல் 125 கிராம். செய்தித்தாளைப் பொட்டலம் மாதிரி கூம்பாகச் சுற்றி வாயில் செருகினால் சிந்தாமல் இறங்கும். பையை முட்ட முட்ட நிரப்பாதீர்கள். முக்கால் பைக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நிறைந்த பை பந்து மாதிரி துள்ளி ஓடும். தளர்ந்த பைதான் விழுந்த இடத்தில் 'சப்'பென்று உட்காரும். அப்புறம் வாயை உள்ளே மடித்து, பொடிப்பொடியாக நெருக்கித் தைத்து மூன்று முடிச்சு போடுங்கள். எட்டு பை இருந்தால் நாலு பேர் ஆளுக்கு இரண்டாக ஆடலாம். ஐந்து கிலோ கொட்டைப் புளி வாங்கும் வீட்டில் எட்டு பைக்கு மேலேயே கொட்டை மிஞ்சும்.

நேரம் இருக்கிறவர்கள் கொட்டையைக் காடாத் துணியில் தனியாக ஒரு உள்பை தைத்துக் கட்டி, அதை வெளிப்பைக்குள் வைக்கலாம். அழுக்கானால் வெளிப்பையை மட்டும் பிரித்துத் துவைத்துக்கொள்ளலாம். கொட்டையோடு தண்ணீரில் போட்டால் ஊறி, நாறி, தூரத்தான் எறிய வேண்டும்.

என்ன போட்டு நிரப்பலாம் என்பதைவிட எதைப் போடக்கூடாது என்பது முக்கியம். பார்க்க அழகாகச் சிவப்பும் கறுப்புமாக இருக்கிறதே என்று குன்றிமணியைத் தொடாதீர்கள். பை பிரிந்து, குழந்தை ஒன்றை எடுத்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான், கடும் விஷம். கோலிக்குண்டு, கூழாங்கல் மேலே பட்டால் அடி. காவிரி மணல் கனமாக இருக்கும்தான், ஆனால் எத்தனை நெருக்கித் தைத்தாலும் பொசிந்து வீடெல்லாம் மணல். துவரை, மொச்சை போடலாம் என்பார்கள். தின்கிற பொருளைத் தைத்து மூட எனக்கு மனசு வரவில்லை. புளியங்கொட்டையாகவே இருந்தாலும், மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தை கையில் இந்தப் பையைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும், விழுங்கினால் மூச்சுக்குழலில் சிக்கும். மாசம் ஒரு முறை எல்லாத் தையலையும் இழுத்துப் பாருங்கள்.

குறிக்கு என்ன செய்வது? அமெரிக்காவில் இதைப் பெரியவர்களே பந்தயம் கட்டி ஆடுகிறார்கள். முன்பு மக்காச்சோளம் போட்ட பை, அதனால் பெயரே 'கார்ன்ஹோல்'. 4 அடி நீளம், 2 அடி அகலப் பலகையைச் சாய்த்து வைத்து, மேல்பக்கம் 6 அங்குல ஓட்டை. 27 அடி தூரத்திலிருந்து 6 அங்குலப் பையை வீசுவார்கள், பை ஒன்று அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஓட்டையில் விழுந்தால் 3, பலகைமேல் நின்றால் 1, முதலில் 21 எடுப்பவர் ஜெயிப்பு. நமக்கு அவ்வளவு பலகைக்கு எங்கே போக? கடையில் டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, வட்ட ஓட்டை போட்டு, அதைச் சுற்றித் தவளை முகம் வரைந்தால் போச்சு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ராஜகோபுரம் வரைந்து 13 நிலைக்கும் மார்க் போடுவோம் என்றார்கள். கோபுரத்தின்மேல் வீசுவதா என்று மாமியார் ஒரு பார்வை பார்த்தார், தவளையாகிவிட்டது.

அட்டைகூட வேண்டாம் என்றால் சாக்பீஸ் போதும். மொட்டைமாடியில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டு வெளியே 5, நடுவில் 10, உள்ளே 20 என்று எழுதுங்கள். கோலம் போடுகிற நமக்கு வட்டம் போடச் சொல்லியா தர வேண்டும்? ஸ்ரீரங்கத்தில் பழைய வீடு வாய்த்தவர்களுக்கு ரேழி இருக்கிறது. நீளமாக, குறுகலாக, இந்த ஆட்டத்துக்கென்றே கட்டினாற்போல் இருக்கும். ஃபிளாட்டில் ஹால் போதும், ஏனென்றால் பை உருளாது. சின்னதுகளுக்கு 5 அடி, பெரியவர்களுக்கு 10 அடி தூரம் வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

இந்த உருளாத குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒன்பது வயசுப் பையன் ஒருவன். பிறந்ததிலிருந்தே வலது கையும் வலது காலும் அவ்வளவாகச் சுவாதீனம் இல்லை. படிப்பில் கெட்டி. ஆனால் சாயங்காலம் பிள்ளைகள் பந்து எடுத்தால் அவன் வேலை ஸ்கோர் எழுதுவது. பந்து கையில் நழுவும், உருண்டு சாக்கடைப் பக்கம் ஓடும், அவனால் பின்னால் ஓட முடியாது. யாரும் அவனைச் சேர்க்கமாட்டேன் என்று சொன்னதில்லை. அவனேதான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

புளிமூட்டை வந்ததும் அவனும் வீசிப் பார்த்தான். பை கையில் நின்றது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. பத்து நாள் கழித்துப் பிள்ளைகளே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு ஆட்டம் எல்லோரும் வலது கை, அடுத்த ஆட்டம் எல்லோரும் இடது கை. இடது கை ஆட்டம் வந்தால் மற்றவர்கள் வீசும் பை சுவரிலும் ஜன்னலிலும் போய் விழும். அவனுக்குப் பழகிய கை இடதுதானே! தவளை வாயில் வரிசையாகப் போட்டான். முதல் நாள் அவனிடம் தோற்றவர்களில் என் பெரிய பெண்ணும் ஒருத்தி. ராத்திரி சாப்பிடும்போதுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். 'விட்டுக்கொடுத்தோம்மா' என்று சொல்லியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நிஜமாகவே தோற்றிருக்கிறாள்!

வலது கை ஆட்டத்தில் அவனுக்கு இன்னும் மார்க் விழுவதில்லை. ஆனாலும் விடாமல் வீசுகிறான். அவன் அம்மா இந்தப் பையை அவனுக்குக் கைப்பயிற்சி சொல்லித் தருகிறவரிடம் காட்டினார். இந்த மாதிரி பைகளை அவர்களும் பயிற்சிக்கு வைத்திருக்கிறார்களாம். எத்தனை முறை, எவ்வளவு கனம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். அப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பை தைப்பது நம் வேலை, வைத்தியம் அவர்கள் வேலை.

பெரியவர்களையும் மறக்காதீர்கள். என் மாமியார் சின்ன வயசில் திண்ணையில் அஞ்சாங்கல் ஆடியவர். இப்போது முட்டிவலி, தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் இருந்தபடியே மூன்று பையை ஒன்று மாற்றி ஒன்று மேலே போட்டுப் பிடித்துக் காட்டினார், பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இதுதானே அம்மானை! பெண்கள் பாடிக்கொண்டே காய்களை மேலே போட்டுப் பிடிக்கும் ஆட்டம். திருவாசகத்தில் 'திருவம்மானை' என்றே ஒரு பகுதி இருக்கிறது. பெண் தெய்வங்கள்மேல் பாடும் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கு ஒரு பருவமே உண்டு. கழங்கு இன்னும் பழசு. உறையூர்ச் சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டபோது ஆலத்தூர் கிழார் பாடியது புறநானூற்றில் 36-ஆம் பாட்டு. அதில் ஆன்பொருநை மணலில் சின்னப் பெண்கள் பொன்னாலான கழங்கு வைத்து விளையாடுகிறார்கள். ஆன்பொருநை என்பது காவிரியில் வந்து கலக்கும் அமராவதிதான். பத்தாவதோடு நின்ற எனக்கு இதெல்லாம் மகளின் தமிழ் டீச்சர் சொல்லித்தான் தெரியும். ஜப்பானிலும் 'ஒதெதமா' என்று சின்னப் பைகளில் சிவப்புப் பயறு கட்டிப் பாட்டோடு தூக்கிப்போட்டுப் பிடிப்பார்களாம், பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கமாம்.

அம்மானைக்குத் தைப்பதானால் பை இன்னும் சின்னதாக இருக்கட்டும். 3 அங்குலத் துணியில் வெட்டினால் 2 அங்குலப் பை வரும், அதில் ஒரு சின்னக் கை கொட்டை போதும். மிச்சத் துண்டுகளெல்லாம் இதற்குச் செலவாகிவிடும். மத்தியானம் ரேடியோ கேட்டுக்கொண்டே நாளைக்கு இரண்டாகத் தைத்தால் நவராத்திரிக்குள் ஒரு கூடை சேர்ந்துவிடும். கொலுவுக்கு வரும் குழந்தைகளுக்கு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் வெற்றிலை பாக்கோடு இதை வைத்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டாகக் கொடுங்கள், ஒற்றைப் பையை வைத்து அம்மானை ஆட முடியாது.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.