ஹெர்பிஸ் மீது விழுந்த சந்தேகம்

மாணவர்களே, கிள்ளானில் கனமழை பெய்தால் சாலையில் வெள்ளம் தேங்கும்; தெருவெங்கும் குடைகளும் விரியும். குடைகளால்தான் வெள்ளம் வந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் மழை. அந்த மழை கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? குடைமேல் சந்தேகம் விழும். மருத்துவத்தில் அப்படியொரு சந்தேகம் ஹெர்பிஸ் வைரஸ்மீது விழுந்தது.

ஹெர்பிஸ் சிம்பிளெக்ஸ் வைரஸில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளங்களை உண்டாக்கும். இரண்டாம் வகை பாலுறவின்வழி பரவிப் பிறப்புறுப்பில் புண்களை உண்டாக்கும். உடலில் நுழைந்துவிட்டால் நரம்புச் செல்களில் ஒளிந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். பலருக்கு அறிகுறியே தெரியாது. இரண்டாம் வகை, பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவுவதைவிட ஆணிடமிருந்து பெண்ணுக்கு எளிதாகப் பரவுகிறது. அதனால் பெண்களிடமே இது அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால், பிரசவத்தின்போது குழந்தைக்கும் பரவக்கூடும். இது அரிது என்றாலும் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவும் ஹெர்பிஸ் செய்வதுதான். ஆனால் 1960களிலும் 1970களிலும் இன்னொரு பழியும் அதன்மேல் விழுந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட பெண்களின் இரத்தத்தில், இரண்டாம் வகை ஹெர்பிஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மற்றப் பெண்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. ஆகவே, புற்றுநோய்க்குக் காரணம் ஹெர்பிஸ்தான் எனப் பலரும் நம்பினர்.

ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசன் புற்றுநோய்த் திசுவிலேயே ஹெர்பிஸின் டி.என்.ஏ.வைத் தேடினார். கிடைக்கவில்லை. 1974இல் ஒரு மாநாட்டில் அவர் இதைக் கூறியபோது பலர் ஏற்கவில்லை. அவர் மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் பக்கம் திரும்பினார். அவருடைய குழுவினர் எச்.பி.வி. 16ஐ 1983இலும், எச்.பி.வி. 18ஐ 1984இலும் புற்றுநோய்த் திசுக்களில் கண்டுபிடித்தனர். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இவ்விரண்டுமே காரணம். 2008இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஹெர்பிஸ் எப்படி அங்கே வந்தது? இரண்டு வைரஸ்களும் ஒரே வழியில் பரவுகின்றன. ஒன்று தொற்றியவருக்கு மற்றொன்றும் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஹெர்பிஸ் அந்தக் குடையைப் போல உடன் வந்தது.

உண்மைக் காரணம் தெரிந்ததால்தான் தடுப்பூசி சாத்தியமானது. 2006இல் எச்.பி.வி. தடுப்பூசி வந்தது. மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவியருக்கு அது பள்ளியிலேயே போடப்பட்டது. ஏற்கெனவே உள்ள தொற்றை அது போக்காது, வருமுன் தடுக்கும். அதனால்தான் இளவயதிலேயே போடுகிறார்கள்.

தடுப்பூசி கிடைக்காத தலைமுறையைச் சேர்ந்த உங்கள் அம்மா, பெரியம்மா, அத்தை ஆகியோர் என்ன செய்வது? பெரும்பாலான எச்.பி.வி. தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும். மறையாதவை புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். புகைப்பிடித்தலும் குறைந்த நோய் எதிர்ப்புச் சக்தியும் ஆபத்தைக் கூட்டும். இந்த நீண்ட இடைவெளியில் பரிசோதனை செய்துகொண்டால் புற்றுநோய் வருமுன்பே சிகிச்சை அளிக்கலாம்.

வெட்கத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்கள் பலர். அவர்களுக்காக, பிரிக்பீல்ட்ஸிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகம் 'ரோஸ்' என்னும் திட்டத்தை உருவாக்கி, 2018இல் கிள்ளான் பள்ளத்தாக்கின் கிளினிக்குகளில் சோதித்துப் பார்த்தது. இதில் பெண் தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும்.

மாணவியரே, உங்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்படியே, அம்மா கடைசியாக எப்போது பரிசோதனை செய்துகொண்டார் என்பதையும் கேளுங்கள்.