கசங்கினாலும் வாசிக்கப்படும் சதுரம்

கொழும்பில் தெமட்டகொடையைத் தாண்டினால் கொலன்னாவை. எரிபொருளைத் தேக்கிவைக்கும் பெரிய தாங்கிகள் அங்கேதான் நிற்கின்றன. பவுசர்கள் புறப்படும் இடத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும், 2022 இல் இந்தப் பக்கத்து ஓட்டோக்காரர்கள் நாட்டின் மற்ற எல்லோரையும் போலத்தான் பெற்றோலுக்காக வரிசையில் கிடந்தார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட் 1 முதல் நாடெங்கும் ஒரு புதிய நடைமுறை வந்தது. தேசிய எரிபொருள் அனுமதி அட்டை என்ற பெயரில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம். ஆரம்பத்தில் கிழமைக்கு ஓட்டோவுக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். பம்படியில் நிற்பவர் தன் கைபேசியை அந்தச் சதுரத்தின் மேல் பிடிப்பார். மிச்சம் எத்தனை லீற்றர் என்று திரை சொல்லிவிடும்.

அந்தச் சதுரம் பெற்றோலைக் கொண்டுவரவில்லை. அதற்குக் கப்பல்கள் வரவேண்டியிருந்தது. ஒரே வாகனம் ஒரே கிழமையில் இரண்டு பெற்றோல் செட்டுகளில் நிரப்புவதை மட்டுமே அது தடுத்தது. ஆனால் அதைச் செய்த விதம்தான் என்னை இன்றுவரை வியக்கவைக்கிறது. பெற்றோல் வாங்க வந்தவரிடம் கைபேசி இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கொமியூனிகேஷன் கடையில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, சாவிக் கொத்தோடு கோத்துவிட்டால் போதும். மழையில் நனைந்தது, எண்ணெய் பட்டது, மூலை கிழிந்தது. அப்படியும் அது வாசிக்கப்பட்டது.

மாதத்துக்கு ஒரு புதிய கைபேசி சந்தைக்கு வருகிறது. ஒன்று மடிகிறது, இன்னொன்றில் கமெரா கூடுகிறது. அவற்றை நானும் ஆசையோடுதான் பார்க்கிறேன். ஆனாலும் கொழும்பில் கடந்த சில ஆண்டுகளில் மக்கள் கைக்கு வந்த நுட்பங்களில் மிகக் கெட்டிக்காரத்தனமானது எது என்று கேட்டால், மின்கலமோ திரையோ இல்லாத அந்தக் கியூஆர் சதுரத்தையே காட்டுவேன்.

அது பிறந்தது 1994 இல், ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில். மோட்டார் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கெடுக்க அதுவரை கோடுகளாலான பார்கோட்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு பார்கோட்டில் ஏறக்குறைய இருபது எழுத்துகளே அடங்கும் என்பதால், ஒரு பெட்டிக்கே பல பார்கோடுகளை ஒட்டி, தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டியிருந்தது. மசாஹிரோ ஹரா என்ற பொறியியலாளர் இதற்கு வழி தேடினார். மதிய உணவு வேளையில் அவர் ஆடிவந்த ‘கோ’ என்ற பலகை விளையாட்டு அவருக்குக் கைகொடுத்தது. கறுப்பு வெள்ளைக் காய்கள் கட்டப் பலகையில் நெடுக்காகவும் குறுக்காகவும் பரவிக் கிடக்கும் ஆட்டம் அது. கோட்டில் ஒரு திசையில் மட்டுமே தகவல் ஓடும். கட்டத்தில் இரு திசையிலும் வைக்கலாம். மிகச் சிறிய கியூஆரில்கூட 21க்கு 21, அதாவது 441 கட்டங்கள். மிகப் பெரியதில் 177க்கு 177.

ஆனால் இயந்திரம் அந்தச் சதுரத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே! ஒரு சுவரில் விளம்பரம், கடைப் பெயர், விலைப்பட்டியல் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவே சதுரம் எங்கே? மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய கண்களைப் பாருங்கள். நிலைகாட்டிகள் என்று இவற்றைச் சொல்லலாம். கண்ணின் நடுவாக ஒரு நேர்கோடு போட்டால், கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மாறும். அவற்றின் அகலங்கள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் இருக்கும். தாளை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த விகிதம் மாறாது. ஹராவின் குழு துண்டுப்பிரசுரங்கள், சஞ்சிகைகள், அட்டைப்பெட்டிகள் என்று அச்சில் வந்தவற்றை அலசி, கறுப்பும் வெள்ளையும் மிக அரிதாகவே சேரும் விகிதம் எது என்று தேடி இதைப் பிடித்தது. இயந்திரம் வேறு எதையும் கண் என்று ஏமாறக்கூடாது என்பதற்காக இவ்வளவு பாடு. நான்காவது மூலையில் கண் இல்லாததால்தான் தலை எது, கால் எது என்று தெரிகிறது.

இனிக் கைபேசியின் பக்கம் வருவோம். கமெராவின் உணரியில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஏறத்தாழ ஒரு மைக்ரோன் அகலம். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் பல பத்துப் புள்ளிகளை அடுக்கலாம். இன்று எல்லாக் கைபேசிகளிலும் இருக்கும் சீமோஸ் வகை உணரியை எரிக் ஃபொசம் என்பவரின் குழு 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்தில் உருவாக்கியது. விண்கலங்களுக்குச் சின்னதாக, மின்சாரம் குறைவாகத் தின்னும் கமெரா வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்த பொருள்தான் பெற்றோல் செட்டில் அட்டையைப் படித்தது.

நண்பகல் வெயிலில் பிளாஸ்டிக் உறையின் ஒரு பாதி பளபளக்கும். மறு பாதியில் பிடித்திருப்பவரின் கை நிழல் விழும். நிழலில் கிடக்கும் வெள்ளை, வெயில் பட்ட கறுப்பைவிட இருட்டாகவே படத்தில் பதியக்கூடும். ஆகவே மென்பொருள், முழுப் படத்துக்கும் ஒரே அளவுகோல் வைப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டு, கறுப்பா வெள்ளையா என்று தீர்மானிக்கிறது. பிறகு, சாய்வாகப் பிடித்ததால் சரிவகமாகத் தெரிந்ததை மூலைக்கண்களைக் கொண்டு கணக்குப் போட்டு மீண்டும் சதுரமாக நிமிர்த்துகிறது. திரையில் ஓடும் காட்சி பெரும்பாலும் நொடிக்கு 30 படங்கள். ஒரு படம் கை நடுக்கத்தில் கலங்கினால், அடுத்ததில் மீண்டும் முயலும்.

எழுத வேண்டிய தகவல் சில வேளை பெரிய கறுப்புத் திட்டாகவோ வெறும் வெள்ளையாகவோ வந்துவிடலாம். அப்போது கட்டங்களை எண்ணுவது கடினம். அதனால் சதுரத்தை உருவாக்கும்போதே எட்டு வகை மறைப்புக் கோலங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் போட்டுப் பார்த்து, கறுப்பும் வெள்ளையும் நன்றாகக் கலந்து வருவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தக் கோலம் போடப்பட்டது என்ற குறிப்பு, கண்களின் ஓரமாக இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்கும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். மூலை கிழிந்த சதுரத்தை எப்படி வாசிக்க முடிகிறது?

வீடு கட்டும் மேசன் அத்திவாரத்துக்கு நூல் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேர்கோட்டுக்கு இரண்டு முளைகள் போதும். ஆனால் அவர் அதே கோட்டில் ஆறு முளைகள் அடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். விளையாட வந்த பிள்ளைகள் இரண்டு முளைகளைப் பிடுங்கி வேறெங்கோ நட்டுவிடுகிறார்கள். எவை இடம் மாறின என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நான்கு முளைகள் இன்னும் ஒரே நேரில் நிற்கின்றன. இடம் மாறிய இரண்டையும் சேர்த்து வேறெப்படி நூல் பிடித்தாலும் மூன்றுக்கு மேல் நேரில் வராது. ஆக, பழைய கோடு எது என்பதும், இடம் மாறிய முளைகள் எவை என்பதும் தெரிந்துவிடும்.

கியூஆரின் பிழைதிருத்தக் குறியீடு செய்வதும் இதையேதான். நேர்கோட்டுக்குப் பதிலாக அது வளைகோட்டை எடுத்துக்கொள்கிறது. மிகச் சிறிய சதுரத்தில் 26 எண்கள் அடங்குகின்றன. மிகக் கூடிய பாதுகாப்பில் அவற்றுள் 9 மட்டுமே உண்மையான தகவல். மீதி 17 காவலுக்கு நிற்பவை. 26 இல் எந்த 8 கெட்டுப்போனாலும் முழுத் தகவலையும் மீட்கலாம். இந்த வழியை 1960 இல் அமெரிக்காவின் இர்விங் ரீட், குஸ்டாவ் சொலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்டார்கள். இறுவட்டில் கீறல் விழுந்தும் பாட்டுத் தடைப்படாமல் ஓடியது இதனால்தான். வொயேஜர் 2 விண்கலம் 1986 இல் யுரேனஸிலிருந்து அனுப்பிய படங்கள் பிழையின்றி வந்து சேர்ந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு.

இந்தக் கணக்கில் எண்கள் 255ஐத் தாண்டிப் பெருகிப்போனால் கட்டங்களில் அடங்காது. கூட்டினாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் 256 எண்களுக்குள்ளேயே விடை வந்து நிற்கும் ஒரு தனி எண்ணுலகம் தேவை. அதற்கு வழி காட்டியவர் எவாரிஸ்த் கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர். 1832 இல், இருபது வயதில், துப்பாக்கிச் சண்டை ஒன்றில் காயம்பட்டு இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அந்தக் கணிதத்துக்கு எந்த உபயோகமும் யாருக்கும் தெரியவில்லை. இன்று அது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மளிகைக் கடைப் பலகைகளில் நாள் முழுதும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

எரிபொருள் கட்டுப்பாடு 2023 செப்டெம்பர் 1 இல் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஓட்டோக்காரரிலிருந்து ஆச்சிவரை எல்லோருக்கும் அந்தச் சதுரம் பழகிவிட்டது. அதன் இன்னொரு வடிவம்தான் கடைகளில் பணம் செலுத்த உதவும் லங்காகியூஆர். இலங்கை மத்திய வங்கி 2018 இல் வகுத்த பொதுத் தரம் இது. வங்கிக்கு ஒரு சதுரம் என்று கடைக்காரர் மேசை நிறைய அட்டைகளை அடுக்கவேண்டியதில்லை. தரத்துக்கு உட்பட்ட எந்தச் செயலியும் ஒரே சதுரத்தை வாசிக்கும்.

அந்தச் சதுரத்தில் பணம் எதுவும் இல்லை. ஒரு நீண்ட எழுத்து வரி மட்டும் இருக்கிறது. அது 000201 என்று தொடங்கும். அதன் அமைப்பு மிக எளிது: முதலில் எத்தனையாவது தகவல், பிறகு அது எத்தனை எழுத்து நீளம், பிறகு தகவல். எடுத்துக்காட்டாக 5303144. 53ஆம் தகவல் நாணயம், நீளம் 03, 144 என்பது இலங்கை ரூபாவுக்கு உலகளவில் உள்ள எண். இந்திய ரூபாய்க்கு 356. 59 இல் கடையின் பெயர், 60 இல் ஊர். கடைசியில் 63 இல் நான்கு எழுத்துகள் வரும். முன்னே உள்ள முழு வரியையும் ஒரு கணக்கில் போட்டு வந்த விடை அது. கைபேசி தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் அந்த வரியை ஏற்காது.

2024 பெப்ரவரி 12 இல் இந்தியாவின் யூபிஐ என்ற பணம் செலுத்தும் முறை இலங்கையிலும் இயங்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்தவர் வெள்ளவத்தையில் புடைவை வாங்கிவிட்டுத் தன் ஊர்ச் செயலியால் லங்காகியூஆரை வாசிக்கும்போது, அந்த 144தான் அவருடைய செயலிக்கு இது இலங்கை ரூபா என்று சொல்கிறது. கடையில் புதிதாக எந்த இயந்திரமும் வைக்கவேண்டியிருக்கவில்லை.

இத்தனை காவலும் அழுக்குக்கும் கீறலுக்கும் கிழிசலுக்கும் எதிராகத்தான். கடைக்காரரின் சதுரத்தின்மேல் ஒருவன் தன் சதுரத்தை ஒட்டிவிட்டால், அதுவும் பிழையே இல்லாத சதுரம்தான். கணிதம் அதைக் குற்றமற்றது என்றே சொல்லும். பல நாடுகளில் இப்படித் திருட்டு நடந்திருக்கிறது. ஆகவே பணத்தை அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

இதற்கும் அந்த வரியிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் வரும் 01ஆம் தகவலில் 11 என்றிருந்தால், அது எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டு ஒட்டிய சதுரம். 12 என்றிருந்தால், அந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்காக மட்டும் அந்த நேரத்தில் பிறந்தது. தொகையும் 54ஆம் தகவலாக உள்ளேயே இருக்கும். கடை இயந்திரத்தின் திரையில் தோன்றி, பணம் கட்டியதும் மறைந்துவிடும் சதுரம் இந்த வகை. அடுத்தவருக்கு வேறொன்று வரும். ஒட்டிவைத்த சதுரமே இல்லாததால், அதன்மேல் தன்னுடையதை ஒட்ட வருபவனுக்கு அங்கே இடம் கிடையாது.