மண் தடமும் காற்றுப்பையும்

வீதியில் ஓடும் சாதாரணக் காரையே மண் தடத்திற்குக் கொண்டுசென்று, நேரங் கணித்து ஓட்டும் விளையாட்டு மேல்நாடுகளிற் பல்லாண்டுகளாக நிலவி வருகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் ‘றலிகுறொஸ்’ இத்தகையது. மண் வெளியிற் கூம்புகளை நிறுத்தி வளைந்த பாதையொன்றை வகுத்து, ஒரு நேரத்தில் ஒரு காராக விடுவர். சாரதி தலைக்கவசமும் ஆசனப்பட்டியும் அணிதல் வேண்டும். காலையிற் சொந்தக் காரில் வந்தோர் மாலையில் அதே காரில் வீடு திரும்புவர். நம் நாட்டிலும் தியத்தலாவை, சாலியபுரம் ஆகிய இடங்களில் மண் தட ஓட்டங்கள் நடந்தமையைப் பலர் அறிவர்.

இவ்விளையாட்டில் ஆர்வங்கொண்ட பழைய மாணவரொருவர் எம்மிடம் வினவினார்: “காரிலுள்ள காற்றுப்பையை இயங்கவிடுவதா, நிறுத்திவிடுவதா?” கார் பள்ளத்தில் விழுந்தவுடன் பை விரிந்து முகத்தில் அறையும் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

காற்றுப்பையின் வரலாறே ஒரு பள்ளத்தில் தொடங்கியது எனலாம். 1952ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோன் ஹெற்றிக் என்னும் பொறியியலாளர் மனைவியோடும் மகளோடும் காரிற் செல்லுங்கால், எதிர்ப்பட்ட தடையொன்றை விலக்க முயன்று பள்ளத்தில் இறங்க நேர்ந்தது. மகள் முன்னே மோதாவண்ணம் பெற்றோர் இருவரும் கைகளை நீட்டித் தடுத்தனர். கை செய்த தொண்டை ஒரு கருவி செய்யலாகாதோ என்று எண்ணிய அவர், 1953இற் காற்றுப்பைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், அமெரிக்காவில் முன்னாசனங்கள் இரண்டிற்கும் அது கட்டாயமானது 1998ஆம் ஆண்டுக் கார்கள் முதலேயாம்.

பையை இயக்குவது வெறுங் குலுக்கமன்று, அமர்முடுகலே. காரின் வேகம் மிகக் குறுகிய நேரத்திற் பெரிதுங் குன்றுமாயின், உணரிகள் அதனைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அறிவிக்கும். அக்கருவி மோதல் எனத் துணியின், மின்பொறியொன்று இரசாயனப் பொருளை எரிக்கும்; தோன்றும் வாயு பையை நிரப்பும். முன்னர்ச் சோடியம் ஏசைட்டு இதற்குப் பயன்பட்டு நைதரசனைத் தந்தது. பின்னர் வேறு சேர்வைகள் வந்தன. பை விரிதற்குச் செல்லும் நேரம் 1/20 செக்கனிலுங் குறைவு. அசையாச் சுவரில் மணிக்கு 10 முதல் 16 மைல் வேகத்தில் நேரே மோதுவதற்கு ஒப்பான மோதலிலேயே முன்பக்கப் பை பொதுவாக விரியும். ஆதலின், தடத்தின் மேடு பள்ளங்கள் தரும் சாதாரணக் குலுக்கம் அதனை எழுப்புவதில்லை. ஆயினும் காரின் அடிப்பாகம் கல்லிலோ வரம்பிலோ கடுமையாக இடிபடின் பை விரியக்கூடும் என்று கார் செய்வோரின் கைந்நூல்கள் எச்சரிக்கின்றன. அச்சம் முற்றும் பொய்யன்று, ஆனால் மிகைப்பட்டது.

இங்கு முதன்மையாக உணரவேண்டியது ஒன்று. காற்றுப்பை தனித்து நின்று காப்பதன்று, பட்டிக்குத் துணையானது. பட்டி, ஆசனம், இடைவெளி, பை ஆகிய நான்கும் ஒன்றையொன்று நோக்கி அமைக்கப்பட்டவை. எனவே கார் தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே இருப்பின், பையையும் இருந்தவாறே விடுதல் நன்று. உருகியைக் கழற்றின், பல கார்களிற் பையோடு பட்டியை இறுக்கும் பொறியும் ஓய்ந்துவிடும். மண் தடத்திற்காக உருகியைக் கழற்றிய நண்பரொருவர், அதனை மீளப் பொருத்த மறந்து பல வாரம் மனைவி மக்களோடு பயணஞ் செய்ததை நாம் அறிவோம்.

இதற்கு மாறாக, இரும்புக் கூண்டும் பந்தயப் பட்டியும் அசையா ஆசனமும் பொருத்திய காரிற் பழைய கணக்குப் பிழைத்துவிடும். அங்கே பையை அகற்றுவது தகும். அக்கார் பின்னர் குடும்பத்துக்குரிய வீதிக் காரன்று. அகற்றுதல் பயிற்சி பெற்றோர் தொழில். பற்றறியைத் துண்டித்த பின்னரும் கட்டுப்பாட்டுக் கருவியின் கொள்ளளவியிற் சிறிது நேரம் மின் தங்குமாதலின், அறியாதார் கைவைத்தல் ஆபத்து.

பையோடு ஓட்டுவோர் கைக்கொள்ள வேண்டியவை சில. மார்பெலும்பிற்கும் ஸ்டியரிங் வளையத்தின் நடுவிற்கும் இடையே குறைந்தது 10 அங்குலம் இருத்தல் வேண்டும். கடிகாரத்தின் 9, 3 என்னும் இலக்கங்கள் நிற்கும் இடங்களிற் கைகளை வைக்க. கார் மண்ணிற் சறுக்குங்கால் கைமேற் கை மாற்றி வளையத்தைச் சுழற்றுவோரின் முழங்கை நடுவிற்கு மேலாக வரும். அவ்வேளை பை விரியின் அக்கை முகத்தில் எறியப்படும். பையின் மூடிமீது தொலைபேசியோ கமராவோ பொருத்தற்க.

காரின் வயதையும் நோக்குதல் வேண்டும். மண் தடத்திற்கு வருவன பெரும்பாலும் பழைய கார்கள். யப்பானிய நிறுவனமான தகாற்றா செய்த பைகள் பலவற்றில் அமோனியம் நைத்திரேற்று பயன்பட்டது. நெடுங்கால வெப்பமும் ஈரமும் அதனைக் கெடுக்க, பை விரியுங்கால் உலோகக் கூடு சிதறிச் சிலர் உயிரிழந்தனர். கோடிக்கணக்கான கார்கள் திருத்தத்திற்கு அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017இல் முறிவடைந்தது. யப்பானியப் பழங்கார்கள் மலிந்த நம் வெப்ப நாட்டிற் கார் வைத்திருப்போர், தம் காரின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு அது அவ்வழைப்பில் அடங்குமா என்று அறிதல் கடன்.

எனவே, எம்மை வினவிய அன்பருக்கும் அவர் போன்றோர்க்கும் நாம் கூறுவது இதுவே: காரில் எதனையும் மாற்றவில்லையேல் பையையும் மாற்றற்க, ஒன்றை மாற்றின் நான்கையும் ஆராய்க. உருகியிற் கைவைக்குமுன் காரின் கைந்நூலை ஒருமுறை முற்றாகப் படிப்பாராக.