எண்ணிக்கை இயல்பு, செயல்பாடு இல்லை: நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் திறக்காத கால்சியக் கதவு

ரத்தப் பரிசோதனையில் 'டி' செல்களின் எண்ணிக்கை இயல்பாக இருக்கிறது. ஆனாலும் கைக்குழந்தைக்கு அடுத்தடுத்துக் கடுமையான நோய்த்தொற்றுகள் ஏற்படுகின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள் இருந்தும் அவை செயல்படாத இந்த அரிய பரம்பரைக் குறைபாட்டின் ஒரு முக்கியக் காரணத்தை விஞ்ஞானிகள் 2006-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். செல்லுக்குள் இரண்டு சவ்வுகள் மிக நெருங்கி நிற்கும் இடத்தில் கோளாறு இருந்தது.

பாடநூல் படங்களில் செல்லின் நுண்ணுறுப்புகள் தனித்தனித் தீவுகளைப் போலக் காட்டப்படுகின்றன. உண்மையில் அவை பல இடங்களில் ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. சவ்வுகள் ஒன்றிணைவதில்லை, இடையே ஏறத்தாழ 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். இத்தகைய நெருக்கங்கள் 1950-களிலேயே மின்னணு நுண்ணோக்கியில் தென்பட்டன. ஆனால், செல்லின் உறுப்புகள் செய்தி பரிமாறும் இடங்கள் அவை என்பது மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது.

'டி' செல்லில் இது நடைபெறும் விதம் நன்கு ஆராயப்பட்டுள்ளது. அமைதியாக இருக்கும் 'டி' செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் அடர்த்தி, உள்ளே இருப்பதைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்ற நுண்ணுறுப்பு தனியே சிறிதளவு கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. கிருமியின் துணுக்கை 'டி' செல் அடையாளம் கண்டதும் இந்தச் சேமிப்பு முதலில் வெளியேறுகிறது. ஆனால், அது விரைவில் தீர்ந்துவிடும். தற்காப்புக்கான மரபணுக்கள் முழுமையாக இயங்க, கால்சியத்தின் அளவு மணிக்கணக்கில் உயர்ந்திருக்க வேண்டும்.

சேமிப்பு குறைந்துவிட்டது என்ற தகவலை வெளிச்சவ்வுக்குக் கொண்டு சேர்ப்பது 'ஸ்டிம்-1' என்ற புரதம். எண்டோபிளாச வலையின் சவ்வில் பதிந்திருக்கும் இதன் ஒரு முனை உள்ளிருக்கும் கால்சியத்தைப் பற்றியிருக்கும். கால்சியம் குறைந்தவுடன் பிடி விலகுகிறது. ஸ்டிம்-1 புரதங்கள் கூட்டமாகச் சேர்ந்து, மறுமுனையை வெளிச்சவ்வை நோக்கி நீட்டுகின்றன. அங்குள்ள 'ஒராய்-1' என்ற கால்வாயைத் தொட்டதும் அது திறந்து, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. கிரேக்கப் புராணத்தில் விண்ணுலக வாயிலைக் காப்போரின் பெயர் இந்தக் கால்வாய்க்குச் சூட்டப்பட்டிருப்பது பொருத்தமே.

ஸ்டிம்-1 தன் சவ்வை விட்டு வெளியேறுவதில்லை. ஒராய்-1 புரதமும் தன் சவ்வைத் தாண்டுவதில்லை. எனவே, இரு சவ்வுகளும் நெருங்கி நிற்கும் இடத்தில் மட்டுமே இந்தச் சந்திப்பு நிகழ முடியும்.

உள்ளே வந்த கால்சியம் 'கால்சிநியூரின்' என்ற நொதியைத் தூண்டுகிறது. அதன் தொடர்ச்சியாக உட்கருவில் மரபணுக்கள் இயங்கி, 'டி' செல்கள் பெருகுகின்றன. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு வழங்கப்படும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகள் இந்த நொதியைத்தான் தடுக்கின்றன.

2006-இல் ஆராயப்பட்ட நோயாளிகளிடம் ஒராய்-1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 91-ஆவது இடத்தில் வேறொரு அமினோ அமிலம் அமர்ந்தது. கதவு இருந்தது, திறக்கவில்லை. ஸ்டிம்-1 மரபணுவில் ஏற்படும் பிழையும் இதே போன்ற நோயை உண்டாக்குவது 2009-இல் தெரியவந்தது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இதில் பங்குண்டு. கால்வாயின் வாயருகே கால்சியம் மிகுந்தால் கதவு தானாக மூடத் தொடங்கும். மைட்டோகாண்ட்ரியா அருகே நகர்ந்து அதை உறிஞ்சிக்கொள்வதால் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கிறது.

எல்லாச் சந்திப்புகளும் இவ்வளவு தெளிவாக விளங்கிவிடவில்லை. மேக்ரோஃபேஜ் செல்களில் அழற்சியைத் தூண்டும் 'என்எல்ஆர்பி-3' புரதம், எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் நெருங்கும் பகுதிக்கு வருவதாக 2011-இல் ஓர் ஆய்வு கூறியது. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, சிதறிய கோல்கி உறுப்பின் சவ்வையே அதன் களமாகக் காட்டியது.

இந்தியாவில், பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பழ ஈக்களைக் கொண்டு ஸ்டிம், ஒராய் புரதங்களும் சவ்வுச் சந்திப்புகளும் ஆராயப்பட்டு வருகின்றன. அங்கு நரம்புச் செல்களும் கண்ணின் ஒளியுணர் செல்களுமே முதன்மையான களம்.

மருத்துவ நோக்கில் இந்தக் குறைபாட்டின் சிக்கல், அது எளிதில் கண்ணில் படாததே. கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாட்டைக் கண்டறியப் பல நாடுகளில் பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்யப்படும் பரிசோதனை, புதிய 'டி' செல்கள் உருவாகின்றனவா என்பதையே அளக்கிறது. எண்ணிக்கை குறையாத இவ்வகை நோய் அதில் தப்பிவிடலாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், நெருங்கிய உறவுத் திருமணங்களில் வாய்ப்பு கூடுகிறது.

இந்தியாவில் பிறந்தவுடன் அளிக்கப்படும் பிசிஜி தடுப்பூசியில் வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கிருமி உள்ளது. மற்றக் குழந்தைகளுக்கு அது இன்றியமையாத பாதுகாப்பு. கடுமையான எதிர்ப்புக் குறைபாடு உள்ள மிகச் சிலருக்கு அதுவே தொற்றாக மாறலாம். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை தொற்றால் இறந்திருந்தால், தடுப்பூசிக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

ரத்தக் குருத்தணு மாற்று சிகிச்சை மூலம் செயல்படும் 'டி' செல்களை அளிக்க முடியும். ஆனால், தசைத் தளர்ச்சியும் பல் எனாமல் குறைபாடும் அதனால் நீங்குவதில்லை. அந்தத் திசுக்களிலும் இதே கதவுதான் பழுதாகியுள்ளது.