ஊர்க்கோழி முட்டையின் விலைக்கணக்கு

யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் ஊர்க்கோழி முட்டைக்குப் பண்ணை முட்டையைக் காட்டிலும் அதிக விலை சொல்லப்படுவதும், வாங்குவோர் அதனை மறுபேச்சின்றிக் கொடுத்துச் செல்வதும் நாம் நெடுங்காலமாகக் கண்டுவரும் வழக்கம். அந்த மேல்விலையால் உண்பவருக்கு யாது பிரயோசனம், வளவில் தாமே கோழி வளர்ப்பவருக்கு முட்டை உண்மையாகவே மலிவாகக் கிடைக்கிறதா என்னும் கேள்விகள், அண்மைக்கால விலையேற்றங்களின் பின்னர் ஒவ்வொரு குடும்பமும் ஆராய வேண்டியனவாகிவிட்டன.

முட்டையின் விலை பெரும்பாலும் கோழித்தீனின் விலையே. பண்ணைச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீனுக்கே போகிறது. அத்தீனில் முதன்மையானது சோளம். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டுச் சோள விளைச்சல் குன்ற, மறு வருடம் அந்நியச் செலாவணி வறண்டு மூலப்பொருள்களின் வரவும் அருக, குருநாகல், கம்பஹா முதலிய பகுதிகளின் பண்ணையாளர் பலர் முட்டையிடுங் கோழிகளையே இறைச்சிக்கு விற்கும் நிலைக்கு வந்தனர். 2022 ஆகஸ்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வெள்ளை முட்டைக்கு 43 ரூபாயும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாயும் உச்ச விலையாக விதித்தது. விலையை விதிக்கலாம், தீனை வரவழைக்க அவ்விதியால் இயலவில்லை. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. தெற்கிலிருந்து ஏ-9 வீதியால் வரும் லொறிகளை எதிர்பார்த்திருக்கும் குடாநாட்டுக்கு இவையாவும் ஒரு பாடமாயிருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சிவப்புக்கும் வெள்ளைக்கும் வைத்த அந்த இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்குப் போசாக்கில் ஆதாரமில்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, அவ்வளவே.

இனி வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். பண்ணைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீன் தின்று வருடத்தில் 300 முட்டை வரை இடுவதால், முட்டை ஒன்றுக்கு 130 கிராமுக்குச் சற்று மேற்பட்ட தீன் செலவாகிறது. ஊர்க்கோழியோ பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைகிடந்து, இருபத்தொரு நாளிற் குஞ்சு பொரித்து, பின் அக்குஞ்சுகளோடு வாரக்கணக்கில் திரிவதால், வருடத்தில் 60 முட்டை தந்தாலே நல்ல கோழி எனப்படும். அதற்கு நாளுக்கு 80 கிராம் தீனையே கடையில் வாங்கிப் போட்டாலும் வருடத்துக்கு 29 கிலோவாகும். அதாவது, ஒரு முட்டைக்கு அரைக்கிலோ தீன்! கூட்டில் அடைத்து, விலைக்கு வாங்கிய தீனையே கொடுத்து ஊர்க்கோழி வளர்ப்பவர் மலிவான முட்டை உண்பதாக எண்ணுவது வெறும் மயக்கம்.

நம் முன்னோருக்கு அது கட்டுபடியானதன் காரணம், அவர்கள் தீன் வாங்காமையே. அரிசி கொழிக்கையில் விழும் குருணல், தவிடு, சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூவின் சக்கை, வேலியோரத்துப் புல்பூண்டு, புழு பூச்சி ஆகியவையே கோழியின் ஆகாரம். பழஞ்சட்டியிற் காய்ந்த சாணமும் ஓலைத்துண்டும் நிரப்பி, நீர் தெளித்து, புற்றருகே கவிழ்த்து வைத்தால் மறுநாட் காலையில் அதில் கறையான் பிடித்திருக்கும்; அதனை நிலத்தில் தட்டியதும், தாய்க்கோழி கொக்கரித்து அழைக்கக் குஞ்சுகள் ஓடிவந்து ஒன்றுவிடாமற் பொறுக்குவதைப் பார்த்தவர்கள், இலவசமாகக் கிடைக்கும் புரதம் யாதென்பதைப் பிரத்தியட்சமாக அறிவர்.

குணத்தில் வேற்றுமை உண்டா? புரதத்தில் இல்லை. மஞ்சட்கருவின் செம்மை, கோழி தின்ற இலைகுழையிலுஞ் சோளத்திலுமுள்ள நிறப்பொருள்களின் செயல். அந்த நிறத்தைத் தீனிற் கலந்தும் உண்டாக்கலாமாதலால் அதுமட்டும் தரத்துக்குச் சாட்சியாகாது. எனினும், வெயிலில் மேய்ந்து பச்சிலையும் பூச்சியும் தின்ற கோழியின் முட்டையில் உயிர்ச்சத்து ஈ, ஒமேகா-3 கொழுப்பு முதலியன மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்ட உண்மை. புதுமையும் ஒரு பெரிய குணம். ஓட்டின் நுண்டுளைகள் வழியே ஈரமும் கரியமிலவாயுவும் வெளியேற, வெள்ளைக்கரு நீர்த்துப் போகிறது. நம் பங்குனி, சித்திரை வெப்பத்தில் அது மிக விரைவாக நிகழ்கிறது. அன்றிட்ட முட்டையைத் தட்டில் உடைத்தால் மஞ்சட்கரு குவிந்து நிற்க, வெள்ளை அதனை விட்டகலாது திரண்டிருக்கும். பழையதில் இரண்டும் பரந்தோடும். முழு முட்டையை நீரிலிட்டுப் பார்ப்பது இன்னும் எளிது: புதியது கிடையாகத் தாழும், வாயுப்பை பெருத்த பழையது நிமிரும், பின் மிதக்கும்.

பெரியபிள்ளையான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் நம் சம்பிரதாயத்துக்கு ஊர் முட்டையே தேடப்படுகிறது. சமைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 வீதம் உடலிற் சேர, பச்சையாகக் குடித்தால் ஏறக்குறையப் பாதியே சேர்கிறது. சல்மொனெல்லா என்னும் கிருமி வீட்டுக் கோழியை விலக்கிச் செல்வதுமில்லை. அவித்தே கொடுங்கள், பிள்ளையின் தேகபுஷ்டிக்கு அதுவே உகந்தது.

ஆகவே, வளவும் அடுக்களை மிச்சமும் உள்ளவர்கள் நாலைந்து கோழி வளர்க்கலாம். அவ்விரண்டும் இல்லாதவர் பண்ணை முட்டை வாங்குவதில் எந்த நஷ்டமுமில்லை. வளர்க்கத் துணிவோர் மரநாயும் கீரியும் புகாத கூடு அமையுங்கள். ஓடு உறுதிப்படச் சிப்பித்தூள் வையுங்கள். ஒரு வாரத்தில் கூட்டையே வெறுமையாக்கிவிடும் ராணிகெற் நோய்க்குத் தடுப்பூசி உண்டாதலால், குஞ்சு கொண்டுவந்த உடனேயே உங்கள் பகுதி மிருக வைத்தியரைக் கண்டு அதனைப் போட்டுக்கொள்ளுங்கள்.