கழிவுக்குப் பொறுப்பாளி யார்?

பூமியிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை. அதனுடன் உப்பு நீரும் ஏராளமாய் மேலெழும்புகிறது. கிணறு முதிர முதிர எண்ணெய் குறைந்து நீரே மிகும். எண்ணெய்க் கசடும் உலோகங்களும் கலந்த அந்நீரை ஆழ்ந்த பாறையடுக்குகளுக்கே திருப்பிச் செலுத்துவது செலவு பிடித்த காரியம். ஆயினும் நெடுங்காலமாய் அறியப்பட்ட முறையே.

ஈக்வடார் தேசத்தின் அமேஸான் வனத்தில் டெக்ஸாகோ கம்பெனியார் 1972-ல் கிணறுகளிலிருந்து எண்ணெயை அனுப்பத் துவக்கினர். அவர்களுடைய கம்பெனி பிறந்த டெக்ஸாஸ் ராஜ்யத்தில், உப்பு நீரைத் திறந்த குழிகளில் விடலாகாதென்று 1969-லேயே தடை ஏற்பட்டிருந்தது. சொந்த நாட்டில் விலக்கப்பட்டது அயலார் வனத்தில் வழக்கமாயிற்று. 1990 வரையில் சுமார் 1,600 கோடி காலன் கழிவு நீர் ஓடைகளில் விடப்பட்டது. அடித்தளமிடாத நூற்றுக்கணக்கான குழிகளில் கச்சா எண்ணெயும் சேறும் தேங்கின. அவ்வோடைகளையும் ஆறுகளையும் நம்பியே கோஃபான் முதலிய ஆதிக்குடிகள் வாழ்ந்தார்கள்.

கம்பெனியாரை மாத்திரம் நிந்திப்பது நியாயமாகாது. இத்தொழிலில் பெரும் பங்கு ஈக்வடார் அரசாங்க எண்ணெய் ஸ்தாபனத்தினுடையது. கம்பெனியார் சுமார் 4 கோடி டாலர் செலவிட்டு ஒரு பகுதியைச் சுத்தம் செய்ததும், 1998-ல் சர்க்கார் விடுதலைப் பத்திரமும் எழுதிக் கொடுத்தது. லாபத்தில் பங்காளியாயிருப்பவன் காவற்காரனாகவும் இருப்பதெங்ஙனம்?

1993-ல் ஜனங்கள் நியூயார்க் நியாயஸ்தலத்தை நாடினர். வியாஜ்யம் பின்னர் ஈக்வடாருக்குச் சென்றது. டெக்ஸாகோவை வாங்கிய செவ்ரான் கம்பெனிக்கு எதிராய் 2011-ல் அங்கே தீர்ப்பாயிற்று. ஈட்டுத் தொகை முடிவில் சுமார் 950 கோடி டாலராய் நின்றது. அத்தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டதென்று 2014-ல் அமெரிக்க நீதிபதியும், 2018-ல் ஹேக் நகர மத்தியஸ்த சபையும் முடிவு கூறின. வாதிகளுடைய வக்கீலின் மோசடியை நாம் ஒருபோதும் ஆதரியோம். ஆனால் அம்மோசடி வெளியானதால் குழியிலிருந்த கசடு மறைந்துவிட்டதா?

நியாயஸ்தலம் பணம் கொடுக்கலாம். ஆற்றைத் திருப்பிக் கொடாது. ஆதலின் முதற்சொட்டு எண்ணெய் எழுமுன்னரே, கழிவு நீரைப் பூமிக்கே திருப்பும் கடமையும், சுத்தம் செய்வதற்கான ஜாமீன் தொகையும் உரிமப் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். அதைச் சோதிப்பவர்கள் எண்ணெய் வருமானத்தில் பங்கில்லாதவர்களாய் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கேளாமல் கையெழுத்திடும் சர்க்கார், தன் பிரஜைகளின் குடிநீரையும் எண்ணெயுடன் சேர்த்தே விற்கிறது.